மலைமனிதர்களும் ஒரு நாய்க்குட்டியின் பெயரும்



வீட்டுக்கு ஒரு நாய்க்குட்டி வந்துவிட்டால், முதல் நாள் அதற்குப் பாலும் படுக்கப் பழைய சாக்கும் தேடுகிறோம். மறுநாள் பெயர் தேடுகிறோம். நம் தோட்டங்களில் இந்தத் தேடல் நெடுநேரம் நடப்பதில்லை. கறுப்பாக இருந்தால் கருப்பன், கொஞ்சம் முரடாக இருந்தால் டைகர், ஒன்றும் தோன்றாவிட்டால் ஜிம்மி. ஒரே லயத்தில் மூன்று ஜிம்மிகள் இருப்பதும், ஒரு வீட்டம்மாள் சோற்றுத் தட்டோடு வந்து குரல் கொடுத்தால் மூன்றும் சேர்ந்து ஓடி வருவதும் நாம் பார்த்துச் சிரித்த காட்சிகள்தாமே!

இந்த ஜிம்மியும் டைகரும் எங்கிருந்து வந்தன? துரைமார் பங்களாவில் வளர்ந்த நாய்களின் பெயர்கள் மெல்ல மெல்ல லயத்துக்கு இறங்கி வந்தன என்றே நமக்குத் தோன்றுகிறது. ஜிம்மி என்பது ஜேம்ஸ் என்னும் ஆங்கிலப் பெயரின் செல்ல வடிவம். ஜிம் என்றாலும் அதேதான். அந்த ஜிம் என்னும் பெயரை இங்கே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; சற்று நேரத்தில் அதற்கு வேலை வரும்.

இப்போதைய பிள்ளைகளுக்கு ஜிம்மி சலித்துவிட்டது. 2015இல் வெளிவந்த ‘தி ரெவனன்ட்’ என்னும் அமெரிக்கப் படத்தைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். பனிமலையில் கரடியோடு போராடிப் பிழைத்தானே ஒருவன், அவன் பெயரை நாய்க்குட்டிக்கு வைக்கலாமா என்று கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஒருவருடைய பெயரை நம் வாசலில் நின்று ஒரு நாளைக்கு இருபது தடவை கூப்பிடப் போகிறோம் என்றால், அவர் யார், என்ன செய்தார், அவரைப் பற்றிச் சொல்லப்படுவதில் எவ்வளவு உண்மை என்று விசாரித்துவிட்டுக் கூப்பிடுவது நல்லதல்லவா? அந்த விசாரணையைத்தான் இன்று செய்யப் போகிறோம்.

அமெரிக்க ஐக்கிய நாட்டின் மேற்குப் பகுதியில் ராக்கி மலைத்தொடர் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் முதல் 40 ஆண்டுகளில் அந்த மலைகளில் அலைந்து, பொறி வைத்து விலங்கு பிடித்த வேடர்களுக்கே மலைமனிதர்கள் என்று பெயர். அவர்கள் தேடிப்போனது புலியையோ யானையையோ அன்று. பீவர் என்னும் சிறு பிராணி. இது நம் ஆற்றிலுள்ள நீர்நாய் அன்று, வேறு இனம். பட்டையான வாலும் கூரிய முன்பற்களும் உடையது. மரங்களைக் கடித்து வீழ்த்தி ஓடையை மறித்து அணை கட்டி, அந்த நீரில் வீடமைத்து வாழும். அதன் தோலின் அடிமயிரைக் கம்பளம்போல் அழுத்தித் தொப்பி செய்தார்கள். ஐரோப்பாவிலும் அமெரிக்க நகரங்களிலும் கனவான்கள் தலையில் பீவர் தொப்பி இல்லாமல் தெருவில் இறங்கமாட்டார்கள். அந்தத் தொப்பிக்காகத்தான் இத்தனை பாடும்.

வேலை எப்படி? விடியுமுன்னும் பொழுது சாய்ந்த பின்னும் பனி உருகி ஓடும் தண்ணீரில் முழங்கால் வரை இறங்க வேண்டும். இரும்புப் பொறியை நீருக்குச் சற்றுக் கீழே வைத்து, அதன் சங்கிலியை ஆழத்தில் அடித்த கழியில் கட்ட வேண்டும். பீவரின் உடலிலேயே சுரக்கும் ஒரு வாசனைப் பொருளை ஒரு குச்சியில் தடவி மேலே நட்டுவைப்பார்கள். வாசனை பிடித்து வரும் பிராணியின் கால் பொறியில் சிக்கும், அது ஆழத்துக்கு ஓடும், சங்கிலி விடாது, மூழ்கி இறக்கும். குளிர்ந்த நீரில் ஆண்டுக்கணக்கில் நின்றதால் அந்த வேடர்களுக்கு மூட்டுவலி இல்லாத நாள் கிடையாது.

1822ஆம் ஆண்டு செயின்ட் லூயிஸ் நகரப் பத்திரிகையில் வில்லியம் ஆஷ்லி என்பவர் ஒரு விளம்பரம் கொடுத்தார். மிசூரி ஆற்றின் பிறப்பிடம்வரை சென்று ஓராண்டோ ஈராண்டோ மூவாண்டோ வேலை செய்ய 100 இளைஞர்கள் தேவை என்றார். ஆள் திரண்டது. 1825 முதல் 1840 வரை கோடைதோறும் மலைக்குள்ளேயே ஒரு சந்தை கூடிற்று. வேடர்கள் தோலைக் கொண்டுவந்து கொட்டுவார்கள். கம்பெனிக்காரர்கள் கோவேறு கழுதைகளில் மாவு, சர்க்கரை, காப்பி, துப்பாக்கி மருந்து, சாராயம் எல்லாம் கொண்டுவருவார்கள். தோலுக்கு விலை வைப்பவர்களும் அவர்களே. சரக்குக்கு விலை வைப்பவர்களும் அவர்களே. நகரத்து விலையைப்போல் பல மடங்கு. ஓராண்டு உழைப்பு சில நாளில் கரைந்து, அடுத்த ஆண்டுக்குப் பொறி வாங்கக் கடன் எழுதிவிட்டு மலைக்குத் திரும்பியவர்கள் பலர். தோட்டக் கடையில் பற்று எழுதி, சம்பள நாளில் கை வெறுமையாய் வீடு வந்த நம் தாத்தாமாருக்கு இந்தக் கணக்கை நாம் விளக்க வேண்டியதில்லை.

பின்னர்ப் பட்டுத் தொப்பி நாகரிகம் வந்தது. பீவரும் ஏறக்குறைய அற்றுப்போயிற்று. 1840இல் கடைசிச் சந்தையோடு அந்தக் காலம் முடிந்தது. அதன் பிறகுதான் கதைகள் பெருகின.

முதலில் பிள்ளைகள் கேட்ட பெயரைப் பார்ப்போம். கரடியோடு போராடியவர் ஹியூ கிளாஸ். 1823இல், இன்றைய தென் டக்கோட்டா மாநிலத்தில், குட்டிகளோடு வந்த ஒரு கரடி அவரைக் கிழித்துப் போட்டது. பிழைக்கமாட்டார் என்று எண்ணிய தலைவர், இறக்கும்வரை காத்திருந்து புதைத்துவிட்டு வருமாறு இருவரை விட்டுச் சென்றார். அவர்களோ சில நாளில் கிளாஸின் துப்பாக்கியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். கிளாஸ் சாகவில்லை. தவழ்ந்தும் நடந்தும் ஏறத்தாழ 200 மைல் கடந்து ஒரு கோட்டையை அடைந்தார். படத்தில் அவருக்கு ஒரு மகன் வருகிறான். அவனைக் கொன்றவனை அவர் தேடிப்போய்ப் பழிவாங்குகிறார். பழைய பதிவுகளில் அப்படி ஒரு மகனே இல்லை. பழியும் இல்லை. தேடிப்பிடித்த இருவரில் இளையவனை மன்னித்தார். மற்றவன் ராணுவத்தில் சேர்ந்திருந்தான். அவனிடம் துப்பாக்கியை மட்டும் திரும்ப வாங்கிக்கொண்டார் என்றே கதை முடிகிறது. படம் எடுத்தவர்களுக்கு மன்னிப்பு போதவில்லை போலும்.

அந்தக் கதையைக்கூட கிளாஸ் தம் கையால் எழுதவில்லை. 1825இல் வேறொருவர் கேட்டு எழுதி ஒரு பத்திரிகையில் அச்சிட்டார். கிளாஸ் எழுதியதாகக் கிடைப்பது ஒரே ஒரு கடிதம். அது கரடியைப் பற்றியதன்று. 1823இல் ஆற்றங்கரைச் சண்டையில் உயிரிழந்த ஓர் இளந்தோழனின் தந்தைக்கு, மகன் இறந்த செய்தியைத் தெரிவித்து எழுதியது. கரடிக் கதையைவிட அந்தக் கடிதத்துக்காகவே அவர் பெயரை வைக்கலாம் என்போம். ஆனால் கிளாஸ் என்று கூப்பிட்டால் அடுத்த வீட்டுக்காரர் தண்ணீர் குடிக்கும் கிளாஸைக் கொண்டுவந்து நீட்டுவாரே, என்ன செய்வது?

கிளாஸை விட்டுச்சென்ற அந்த இளையவன் யார்? 1825ஆம் ஆண்டுக் கட்டுரையில் பெயர் இல்லை. பின்னால் வந்தவர்கள் அவன் ஜிம் பிரிட்ஜர் என்றார்கள். உறுதியான சான்று இல்லாமலேயே அந்தப் பழி நெடுங்காலமாக அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டு வருகிறது.

நாம் நினைவில் வைக்கச் சொன்ன ஜிம் இவர்தான். 1804இல் வெர்ஜினியாவில் பிறந்தவர். பதினான்கு வயதுக்குள் தாய் தந்தை இருவரையும் இழந்து, கொல்லன் பட்டறையில் வேலை பழகினார். ஆஷ்லியின் விளம்பரத்துக்குப் போனபோது வயது பதினெட்டு. 1824ஆம் ஆண்டுவாக்கில் பெரிய உப்பு ஏரியைக் கண்டு, நீரை வாயில் வைத்துப் பார்த்து உப்புக் கரித்ததும், பசிபிக் பெருங்கடலுக்கே வந்துவிட்டோம் என்று நினைத்தாராம். முதுகில் பாய்ந்த அம்பின் முனையை ஏறத்தாழ மூன்றாண்டுகள் உடம்பிலேயே சுமந்து திரிந்தார். 1835ஆம் ஆண்டுச் சந்தையில் ஒரு மருத்துவர் அதை அறுத்தெடுத்தார்.

அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனாலும் ஷேக்ஸ்பியர் நாடகங்கள் உயர்ந்தவை என்று யாரோ சொல்லக் கேட்டு, ஒரு ஜோடி எருதுகளைக் கொடுத்து அந்தப் புத்தகத்தை வாங்கி, மாதம் 40 டாலர் சம்பளத்தில் ஒரு பையனை வைத்து வாசிக்கச் சொல்லிக் கேட்டார் என்று உடனிருந்த ராணுவ அதிகாரி ஒருவர் எழுதியிருக்கிறார். மாலையில் வாசற்படியில் ஒரு பள்ளிப் பையனை உட்காரவைத்து, அன்றைய ‘தமிழ் நேசனை’ முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை வாசிக்கச் சொல்லிக் கேட்ட நம் பெரியவர்களுக்கு இவரைப் பிடித்திருக்கும்.

புளுகுவதிலும் பிரிட்ஜர் மன்னர். மலையில் ஓர் இடத்தில் இரவு படுக்கும்போது ‘எழுந்திரு’ என்று கத்திவிட்டுப் படுத்தால், எதிரொலி எட்டு மணி நேரம் கழித்து வந்து சரியாக விடியலில் எழுப்பிவிடும் என்பது அவர் பெயரில் வழங்கும் புளுகுகளில் ஒன்று. வேடிக்கை என்னவென்றால், நிலத்திலிருந்து கொதிநீர் பனைமர உயரத்துக்குப் பீறிட்டு அடிக்கிறது என்று அவர் சொன்ன உண்மையையும் மக்கள் அதே கணக்கில் சேர்த்துவிட்டார்கள். அந்த இடம்தான் 1872இல் உலகின் முதல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட யெல்லோஸ்டோன்.

முதுமையில் மிசூரி மாநிலத்துப் பண்ணையில் கண்பார்வை மங்கி, மகள் வெர்ஜினியாவின் பராமரிப்பில் இருந்தார். பொழுது போவதற்காக ஒரு சாதுவான கிழக்குதிரையை மகள் வாங்கித் தந்தார். கூடவே ஒரு நாய். இரண்டுக்கும் பெயர் வைத்தவர் பிரிட்ஜரேதான். குதிரைக்கு ரஃப் என்று வைத்தார். நாய்க்கு வைத்த பெயர் கீழை நாட்டு மன்னர்களுக்குரிய ஒரு பட்டம். நம் நாட்டில் அதை நாய்க்கு வைப்பது பெருங்குற்றமாக இருக்கும். ஆகவே இங்கே சொல்லாமல் விடுகிறோம். மிசூரிக் காட்டில் யாருக்கும் மனம் நோகாத பெயர் மலேசியாவில் ஆகாத பெயராகிவிடுகிறது. பெயர் தேடும்போது அக்கம்பக்கத்தாரின் காதையும் நினைக்கத்தான் வேண்டும். நாய் கிழவர் இல்லாமல் வீடு திரும்பினால், அவர் எங்கோ வழி தவறிவிட்டார் என்று தெரிந்துகொண்டு மகள் தேடப் போவாராம். அமெரிக்க மேற்கின் ஒவ்வொரு கணவாயும் அறிந்தவருக்குக் கடைசியில் வழிகாட்டியது அந்த நாய்தான். 1881இல் அவர் காலமானார்.

எனவே ஜிம்மி என்று கூப்பிட்டுப் பழகிய வீட்டார் வருந்த வேண்டாம். அதையே ஜிம் பிரிட்ஜரின் பெயர் என்று வைத்துக்கொள்ளலாம். செலவில்லை.

அடுத்தது கிட் கார்சன். கிட் என்பது கூப்பிட வாகான பெயர்தான். ஒரே அசை, பால்மரக் காட்டின் அந்தக் கோடிவரை கேட்கும். 1809இல் பிறந்த இவர் சேணம் தைப்பவரிடம் வேலை பழகப் பிடிக்காமல் 1826இல் ஓடிப்போனார். பிடித்துத் தருபவருக்கு ஒரு சென்ட் பரிசு என்று முதலாளி விளம்பரம் செய்தார். அந்த ஒரு சென்ட் பையன்தான் பின்னர் மலைமனிதர்களில் எல்லாரையும்விடப் புகழ்பெற்றார்.

அந்தப் புகழ் என்ன செய்தது பாருங்கள். 1849இல் ஒயிட் என்னும் வணிகரின் குடும்பத்தை அப்பாச்சி மக்களில் ஒரு பிரிவினர் வழிமறித்து, திருமதி ஒயிட்டைக் கைப்பற்றிச் சென்றார்கள். தேடிப்போன படைக்குக் கார்சன் வழிகாட்டி. பாளையத்தைக் கண்டுபிடித்துப் பாயும்போது, அந்தப் பெண் சற்றுமுன்தான் கொல்லப்பட்டுக் கிடந்தார். உடல் சூடு ஆறவில்லை. அங்கே கிடந்த பொருள்களுக்கிடையே ஒரு மலிவுப் பதிப்பு நாவல் கிடந்தது. அதன் நாயகன் கிட் கார்சன்! நூற்றுக்கணக்கானவரை ஒற்றையாளாக வீழ்த்துகிறவனாக அதில் அவரை எழுதியிருந்தார்கள். கார்சனுக்கும் எழுத்து வாசிக்கத் தெரியாது. பிறர் வாசித்துக் காட்டினார்கள். அந்தப் பெண் இதைப் படித்துவிட்டு, கிட் கார்சன் வருவான், காப்பாற்றுவான் என்று நம்பியிருப்பாளே என்னும் எண்ணம் அவரை விடவில்லை. தம் வரலாற்றைச் சொல்லி எழுதுவித்தபோது இதை மறவாமல் சொன்னார். கட்டுக்கதையின் நாயகனே அந்தக் கட்டுக்கதையை ஒரு சவத்தின் அருகில் கண்டெடுத்தது போன்ற நிகழ்ச்சி வரலாற்றில் அரிது.

ஆயினும் கார்சனின் பெயருக்கு நாம் இணங்க முடியவில்லை. 1863இலும் 1864இலும் அவர் ராணுவ அதிகாரியாக நவஹோ மக்கள்மேல் படை நடத்தினார். பழைய பாடநூல்களில் செவ்விந்தியர் என்று நாம் படித்த பூர்வகுடிகளில் நவஹோ ஓர் இனம். அவர்களுடைய சோளக் கொல்லைகள் எரிக்கப்பட்டன, ஆடுகள் பறிக்கப்பட்டன, பள்ளத்தாக்கில் தலைமுறைகளாக வளர்த்த பீச் பழமரங்கள்கூட வெட்டப்பட்டன. பசியால் சரணடைந்த எண்ணாயிரத்துக்கும் மேற்பட்டோர் 300 மைலுக்கு அப்பால் ஒரு வறண்ட முகாமுக்கு நடத்திச் செல்லப்பட்டார்கள். வழியிலும் முகாமிலும் மிகப் பலர் மாண்டார்கள். 1868இல்தான் எஞ்சியோர் சொந்த மண்ணுக்குத் திரும்பினார்கள். மேலிடத்து உத்தரவைத்தான் அவர் நிறைவேற்றினார் என்பார்கள். இருக்கட்டும். மரத்தை நட்டு, பாலெடுத்து, மரத்தோடு வாழ்ந்த நம் குடும்பங்களின் வாசலில் அந்தப் பெயர் வேண்டாம்.

ஜிம் பெக்வொர்த் என்று இன்னொருவர். அடிமைத் தாய்க்கு வெள்ளைத் தகப்பனிடம் பிறந்து, விடுதலை பெற்று, மலைமனிதராகி, குரோ இன மக்களோடு பல ஆண்டுகள் வாழ்ந்தவர். 1850ஆம் ஆண்டுவாக்கில் சியரா நெவாடா மலையில் ஒரு தாழ்வான கணவாயைக் கண்டு சொன்னார். அது இன்றும் அவர் பெயரால் விளங்குகிறது. குடும்பப் பெயர் பெக்வித். அவர் சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதி 1856இல் அச்சிட்ட புத்தகத்தில் அது பெக்வொர்த் ஆயிற்று. அப்படியே நிலைத்தும்விட்டது.

மனிதர்கள் போதும். நாய்க்குட்டிக்குப் பெயர் தேடுகிற நாம் ஒரு நாயைப் பற்றிப் பேசாமல் போகலாமா? மலைமனிதர் காலத்தின் வாசலில் ஒரு நாய் நிற்கிறது.

1803இல் அமெரிக்க அதிபர் ஜெபர்சன், மேற்குக் கடல்வரை வழி கண்டுவர ஒரு குழுவை அனுப்பத் திட்டமிட்டார். தலைவர்கள் மெரிவெதர் லூயிஸ், வில்லியம் கிளார்க். அந்த ஆண்டு லூயிஸ் 20 டாலர் கொடுத்து நியூபவுண்ட்லாந்து இன நாய் ஒன்றை வாங்கினார். உருவில் பெரிது, அடர்ந்த மயிர், விரல்களுக்கிடையே தோல் படர்ந்த பாதம், நீந்துவதில் நிகரற்றது. அந்த நாளில் 20 டாலர் என்றால் எவ்வளவு? அதே குழுவில் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்த ஜான் கோல்ட்டர் என்பவருக்கு மாதச் சம்பளம் ஐந்து டாலர். ஆக, நாயின் விலை அவருடைய நான்கு மாத உழைப்பு.

நாயும் சும்மா இருக்கவில்லை. ஒஹாயோ ஆற்றை நீந்திக் கடந்த அணில்களைப் பிடித்துப் படகுக்குக் கொண்டுவந்தது. லூயிஸ் அவற்றைப் பொரித்துச் சாப்பிட்டார். பூர்வகுடி ஒருவர் நாயைப் பார்த்து ஆசைப்பட்டு மூன்று பீவர் தோல் தருகிறேன் என்றார், லூயிஸ் மறுத்துவிட்டார். 1805 மே மாதம் ஒரு பீவர் நாயின் பின்னங்காலைக் கடித்து நாளத்தை அறுத்துவிட்டது. பிழைக்காது என்றே லூயிஸ் எழுதினார், பிழைத்துக்கொண்டது. பத்து நாள் கழித்து, நள்ளிரவில் ஒரு காட்டெருமை ஆற்றைக் கடந்து, தூங்கிக்கொண்டிருந்தவர்களின் தலைகளுக்கு அருகே பாய்ந்து, தலைவர்கள் படுத்திருந்த கூடாரத்தை நோக்கி வந்தது. நாய் குரைத்து அதன் திசையைத் திருப்பியது. 1806 ஏப்ரலில் சிலர் நாயைக் களவாடிச் சென்றபோது, லூயிஸ் மூன்று பேரைத் துப்பாக்கியோடு துரத்தி அனுப்பி மீட்டார். இத்தனைக்கும் அதே பயணத்தில் உணவு போதாமல் பூர்வகுடிகளிடம் நாய்களை விலைக்கு வாங்கிச் சமைத்துச் சாப்பிட்டவர்கள்தாம் அவர்கள்! பெயர் உள்ள நாய் வேறு, பெயர் இல்லாத நாய் வேறு என்று இருந்திருக்கிறது.

கோல்ட்டரைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1806இல் திரும்பும் வழியில், எதிரே வந்த இரண்டு வேடர்களோடு சேர்ந்து மலைக்கே மீண்டும் போக அனுமதி கேட்டுப் பிரிந்தார். முதல் மலைமனிதர் என்று இவரையே பலர் சொல்கிறார்கள். 1808ஆம் ஆண்டுவாக்கில் பிளாக்ஃபுட் இனத்தார் இவரைப் பிடித்து, ஆடையைக் களைந்து, ஓடவிட்டுத் துரத்தினார்கள். முள்ளிலும் கல்லிலும் மைல்கணக்கில் ஓடி, துரத்தியவர்களில் முந்தி வந்த ஒருவனை வீழ்த்தி, ஆற்றில் மிதந்த மரக்குவியலுக்கடியில் மூழ்கி ஒளிந்து, பல நாள் நடந்து கோட்டைக்கு வந்து சேர்ந்தார் என்பது கதை. நாட்கணக்கும் மைல்கணக்கும் சொல்பவருக்குச் சொல்பவர் மாறும், ஓடியது மெய்தான். ஓட்டக்காரக் குட்டி உள்ளவர்கள் கோல்ட்டர் என்று வைக்கலாம். நமக்கு மறுப்பில்லை.

அந்தக் குழுவில் யார்க் என்று ஒருவர் இருந்தார். கிளார்க்கின் அடிமை. படகு வலித்தார், வேட்டையாடினார், நோயாளிகளைப் பார்த்துக்கொண்டார். ஊர் திரும்பியதும் மற்றவர்களுக்கு இரட்டைச் சம்பளமும் 320 ஏக்கர் நிலமும் கிடைத்தன. யார்க்குக்கு ஒன்றுமில்லை. தம்மை விடுவிக்கும்படி அவர் கேட்டார்; கிளார்க் பல ஆண்டுகள் இணங்கவில்லை. யார்க் என்பது முழுப் பெயரா, குடும்பப் பெயர் உண்டா என்று எவரும் பதிந்து வைக்கவில்லை. 2001இல்தான் அவருக்கு அமெரிக்க ராணுவத்தில் மதிப்புறு சார்ஜன்ட் பட்டம் அளிக்கப்பட்டது. அப்போது அவர் இல்லை.

சரி, நாயின் பெயர் என்ன? லூயிஸ் தம் குறிப்பேட்டில் பெரும்பாலும் ‘என் நாய்’ என்றே எழுதினார். பெயரை எழுதிய இடங்கள் மிகச் சில. 1916இல் குறிப்பேடுகளில் ஒரு பகுதி அச்சேறியபோது, பதிப்பித்தவர் அந்தக் கையெழுத்தை ஸ்கேனன் என்று படித்தார். அன்றுமுதல் ஏறத்தாழ 70 ஆண்டுகள் புத்தகங்களெல்லாம் அந்த நாயை ஸ்கேனன் என்றே எழுதின. ஸ்கேனன் என்றால் என்ன பொருள் என்று கேட்டவர்களுக்கு யாராலும் விடை சொல்ல முடியவில்லை.

டொனால்ட் ஜாக்சன் என்னும் வரலாற்றறிஞர் மொன்டானா மாநிலத்தில் லூயிஸ் குழுவினர் ஓடைகளுக்கு இட்ட பெயர்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஒவ்வொரு பெயரும் குழுவில் யாரோ ஒருவருடையதாக இருந்தது. ஓர் ஓடைக்கு மட்டும் ‘சீமன் ஓடை’ என்று பெயர். 1806 ஜூலையில் இட்டது. சீமன் என்று குழுவில் எவரும் இல்லை. ஸ்கேனன் ஓடை என்பதுதான் பிழையாகப் படிக்கப்பட்டு இப்படி ஆயிற்றோ என்று ஐயுற்று, மூலக் கையெழுத்தை எடுத்துப் பார்த்தார். பிழை மறுபக்கம் இருந்தது. நாயின் பெயரே சீமன்! கடலோடி என்று பொருள். நீந்தும் நாய்க்கு எவ்வளவு பொருத்தம்! 1985இல் அவர் இதை வெளியிட்டார்.

கையெழுத்தில் ஒரு வளைவு சற்றுக் கோணியது, அவ்வளவுதான். கிராணி காதில் விழுந்தபடி எழுதிய பெயரோடு வாழ்நாள் முழுதும் இருந்த பெரியவர்கள் நம்மிடையே இல்லையா? வீட்டில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழில் மூன்றாவதாக ஒரு பெயர் என்று, குடியுரிமைக்கும் சேமநிதிப் பணத்துக்கும் அலைந்த குடும்பங்களுக்கு ஸ்கேனன் கதை வெறும் நாய்க் கதை அன்று. பள்ளியில் முதலாம் ஆண்டுப் பதிவின்போது பெயரை ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லச் சொல்லிப் பெற்றோரை நாங்கள் சற்று நேரம் நிறுத்திவைப்பது இதற்காகத்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

குறிப்பேட்டில் சீமன் கடைசியாக வருவது 1806 ஜூலை 15 அன்று. கொசுக்கடி தாங்காமல் நாய் ஊளையிடுகிறது என்று லூயிஸ் எழுதினார். அதற்குப் பின் ஒரு சொல்லும் இல்லை. லூயிஸ் 1809இல் டென்னசியில் ஒரு வழிப்போக்கர் விடுதியில் குண்டுக் காயத்தால் இறந்தார்.

ஆனால் வேறொரு தடயம் இருந்தது. திமதி ஆல்டன் என்பவர் கல்லறைகளிலும் பழம்பொருள்களிலும் பொறித்த வாசகங்களைத் திரட்டி 1814இல் ஒரு நூல் வெளியிட்டார். அதில், வெர்ஜினியாவின் அலெக்சாண்ட்ரியா நகரத்துக் காட்சிசாலையில் இருந்த ஒரு நாயின் கழுத்துப்பட்டியைப் பற்றி எழுதியிருக்கிறார். நாயே பேசுவதுபோல் அதில் பொறித்திருந்ததாம்: தன் இனத்தில் யாரும் போகாத தொலைவு தான் போனதையும், யாரோடு எந்தக் கடல்வரை போனது என்பதையும் சொல்லி, பெயரையும் தெளிவாகச் சொல்கிறது. எசமானர் இறந்ததும் நாய் கல்லறையைவிட்டு அகலாமல் உண்ணாமல் மடிந்தது என்றும் ஆல்டன் சேர்க்கிறார். அது அவர் கேள்விப்பட்டது. எவ்வளவு மெய்யோ, அவரவர் முடிவு. பட்டியில் இருந்த பெயரோ சந்தேகத்துக்கு இடமில்லாதது. ஸ்கேனன் என்று புத்தகங்கள் எழுதிக்கொண்டிருந்த அத்தனை ஆண்டுகளும் சீமன் என்னும் பெயர் அச்சில் கிடந்திருக்கிறது. அந்தப் பக்கத்தை யாரும் புரட்டவில்லை.

மொன்டானாவிலுள்ள அந்த ஓடைக்கு இப்போது வேறு பெயர். மான்ட்யூர் ஓடை என்கிறார்கள்.